உள்ளே மடித்த முனை

வண்டியின் வயிற்றை அம்சவேணி அதற்கு முன் பார்த்ததில்லை. சர்வீஸ் சென்டரின் கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் இரண்டு இரும்புக் கைகள் வண்டியை ஆள் உயரத்துக்குத் தூக்கிப் பிடித்திருந்தன. கீழே ஒருவன் அண்ணாந்தபடி டார்ச் அடித்துக்கொண்டிருந்தான். வெளியே வெள்ளை வெளேரென்று துடைத்து வைத்திருக்கும் வண்டிக்கு அடியில் இத்தனை சேறும் குழாயும் ஒயரும் இருக்கும் என்று யார் கண்டது. நாலு பேர் உட்கார்ந்து காபி குடிக்கிற இடத்திலிருந்து தெரியும்படி இப்படித் தூக்கி வைத்திருக்க வேண்டாம் என்று அவளுக்குக் கூச்சமாக இருந்தது. கூச்சப்பட என்ன இருக்கிறது, தினமும் ஊரார் ரத்தத்தைக் குப்பி குப்பியாக எடுத்து மூடி போட்டு அடுக்குகிறவளுக்கு. ஈரோடு பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற லேபில் அவள் கைக்கு ஒரு பெயர் உண்டு. எவ்வளவு சதை போட்ட கையானாலும் நரம்பைத் தடவிக் கண்டுபிடித்துவிடுவாள். குழந்தை அழலாமா வேண்டாமா என்று யோசித்து முடிப்பதற்குள் ஊசி வெளியே வந்திருக்கும். ஆனால் இந்த வண்டியில் எது நரம்பு எது எலும்பு என்று தெரியாமல் முழித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உள்ளே எங்கேயோ ஓர் இடத்தில் ஒழுகுகிறது. எங்கே, எதனால் என்று இவர்கள் இன்று சொல்லிவிடுவார்கள். சொன்ன பிறகு சாவி அவள் கைப்பையிலேயே இருக்குமா, இல்லை முகம் தெரியாத எவனோ வந்து வாங்கிக்கொண்டு போவானா என்பதும் தெரிந்துவிடும்.

"தப்பு உன்ற பேர்லதான்னு அவங்க சொல்லிட்டாங்கன்னா வண்டிய வித்துப்போடலாம் அம்சா. அதுக்கு மேல பேச்சில்ல" என்று காலையில் அவள் புருஷன் சென்னியப்பன் சொல்லியிருந்தார். சொல்லும்போது அவர் முகம் அவள் நின்ற இடத்துக்கு ஒரு முழம் தள்ளி, பிரிட்ஜைப் பார்த்துக்கொண்டிருந்தது. அவள் ஓசைப்படாமல் நகர்ந்து பிரிட்ஜுக்கு முன்னால் போய் நின்றுகொண்டாள். அது ஒரு பழக்கமாகிவிட்டது, அவர் எங்கே பார்க்கிறாரோ அங்கே போய் நின்றுகொள்வது. "சரிங்க" என்றும் சொல்லிவைத்தாள். எதற்குச் சரி என்றாள்? சண்டை போட்டிருக்க வேண்டும். போட்டிருந்தால் அவர் சத்தம் போட்டிருப்பார், சத்தம் போட்டிருந்தால் இவள் அழுதிருப்பாள், அழுவது அவருக்குக் கேட்டிருக்கும். கண் போன பிறகு மனுஷனுக்குக் காது அநியாயத்துக்குக் கூர்மையாகிவிட்டது. மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவர். சுற்றுவட்டாரத்துத் தோட்டத்து மோட்டாருக்கெல்லாம் செம்புக் கம்பி சுற்றிக் கொடுத்த கை. ஆசைப்பட்டு இந்த வண்டியை எடுத்தார், எடுத்த வருஷமே சர்க்கரை அவர் கண்ணுக்குள் புகுந்து வேலையைக் காட்டிவிட்டது. முதலில் கடைப்பலகை எழுத்து போனது. அப்புறம் எதிரே வருகிற லாரி போனது. அப்புறம் இவள் முகம். கடையை மூடினார்கள், வண்டி போர்ட்டிகோவில் உறை போட்டு நின்றது. ஊசி பிடிக்கிற கை ஸ்டியரிங் பிடிக்காதா என்று இவள்தான் ஒரு வீம்புக்குப் போய் டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள். இப்போது இவள் ஓட்ட, அவர் இடப்பக்கம் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டு வருவார். "செகண்ட் போடு." "கிளட்ச்சுல இருந்து கால எடு." இன்ஜின் சத்தத்தை வைத்தே கியர் சொல்வார். அது சரியாகவும் இருக்கும், அதுதான் எரிச்சல். சர்வீஸ் சென்டருக்கும் கூட வாருங்கள் என்று கூப்பிட்டுப் பார்த்தாள். "அங்க வந்து நான் என்னத்தப் பாக்கறது" என்று ரேடியோவைத் திருகிவிட்டார். இழுத்துப் போக வந்த வண்டியில் டிரைவர் பக்கத்தில் ஒட்டிக்கொண்டு இவள் மட்டும் வந்தாள்.

காபி மெஷின் புர்ரென்று ஒரு சத்தம் போட்டு ஓய்ந்தது. எவரோ ஒருவர் போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தார், திட்டு வாங்குகிறவனும் சர்வீஸ் சென்டர்க்காரன்தான் போலிருக்கிறது. சுவரில் ஒரு டிவி, அதில் வண்டி நம்பர்கள் மேலிருந்து கீழாக ஓடிக்கொண்டிருந்தன. அவள் நம்பருக்கு நேராக 'சோதனையில்' என்று இருந்தது. வந்ததிலிருந்து அப்படியேதான் இருக்கிறது. லேபில் ரிப்போர்ட்டுக்குக் காத்திருப்பவர்களை நினைத்துக்கொண்டாள். எத்தனை பேர் கவுன்ட்டருக்கு வந்து வந்து கேட்பார்கள், எத்தனை பேருக்கு இவள் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் "உக்காருங்க, கூப்பிடறோம்" என்று சொல்லியிருப்பாள். வண்டியை இறக்கிய உடனேயே அட்வைசர் பையன் நந்தகோபால் வந்து பேசியிருந்தான். கழுத்தில் அடையாள அட்டை, காதில் பேனா, பொறுமையான குரல். "வாரண்டில வருமான்னு செக் பண்ணிட்டுச் சொல்றனுங்க மேடம். பார்ட்டுலயே பழுதுன்னா கம்பெனி மாத்திக் கொடுத்துரும். வெளிய இருந்து அடிபட்டிருந்தாலோ, இன்ஜின் சூடாகி லைட்டு எரிஞ்ச பொறகும் ஓட்டியிருந்தாலோ, அது வராதுங்க. லைட்டு எரிஞ்சதும் நிறுத்திட்டீங்களா?" உடனே நிறுத்திவிட்டேன் என்றாள். வேகமாகச் சொன்னாள், அளவுக்கு மீறின வேகம். அவன் ஒன்றும் சந்தேகப்படவில்லை. தலையை ஆட்டிவிட்டு, போகிற போக்கில், "எப்படியும் மெஷின்ல வந்துருமுங்க" என்று சொல்லிப் போய்விட்டான். என்ன வந்துரும்? எவ்வளவு சூடு ஏறியது என்பது வருமா? எத்தனை மணிக்கு என்பது வருமா? எந்த ரோட்டில் என்பதும் வந்துவிடுமா? வண்டிக்கு அத்தனை ஞாபகம் இருக்குமா? டிவியில் அவள் நம்பர் மேலே ஏறி மறைந்து மறுபடி கீழேயிருந்து வந்தது. சோதனையில்.

எந்த ரோடு என்பதுதான் விஷயம். சனிக்கிழமை சாயங்காலம் லேபை விட்டுக் கிளம்பினவள் நேராக வீட்டுக்குப் போகவில்லை. சிக்னலில் இடது பக்கம் திரும்ப வேண்டிய கை வலது பக்கம் ஒடித்துவிட்டது. முந்தின நாள்தான் வாய்க்காலில் தண்ணீர் விட்டிருக்கிறார்கள் என்று லேபில் பேசிக்கொண்டார்கள், அது ஒரு காரணமா? வாய்க்கால் ரோடு குறுகல், ஒரு பக்கம் தண்ணீர், ஒரு பக்கம் மஞ்சள் காடும் வாழையும். அந்த ரோட்டில் அவர் கூட இருந்தால் விடவே மாட்டார். கண்ணாடியை இறக்கிவிட்டாள். சேற்று வாசனையும் ஈரக் காற்றுமாக உள்ளே வந்தது. தேர்ட் கியரில் போனாள். "செகண்ட் போடு" என்று சொல்ல ஆள் இல்லை. யாரும் பிரேக்கை மிதிக்கவில்லை. கொஞ்ச தூரம் போனதும் தோள் இரண்டும் தானாக இறங்கின. அவை அத்தனை நாளும் தூக்கிக்கொண்டே இருந்தன என்பதே அப்போதுதான் தெரிந்தது. சந்தோஷமாக இருந்தது. அதை வேறு எப்படிச் சொல்வது, சந்தோஷமாகத்தான் இருந்தது. அவர் இல்லாததால் சந்தோஷமாக இருந்தது. வீட்டில் ரேடியோவும் இருட்டுமாக ஒரு மனுஷன் உட்கார்ந்திருக்க, இவள் வாய்க்கால் பார்த்துக்கொண்டு போனாள். அப்படியே பார்த்துக்கொண்டே போய், ஒரு சின்னப் பாலத்துக்கு முன்னால் தற்செயலாகக் கண் உள்ளே திரும்பியபோது ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தச் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எப்போதிருந்து எரிகிறது? அதுதான் தெரியவில்லை. அந்த நிமிஷம்தான் எரிந்ததா, திருப்பத்திலேயே எரிந்ததா, இவள் தண்ணீரைப் பார்த்துக்கொண்டிருந்தபோது அது பாட்டுக்குக் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததா? ஒரு பூவரச மரத்தடியில் ஒதுக்கி நிறுத்தி இன்ஜினை அணைத்தாள். பானட்டுக்கு அடியிலிருந்து தித்திப்பாக ஒரு வாசனை வந்தது. நன்றாக இருட்டின பிறகு, பானட்டைத் திறந்து, குடிக்க வைத்திருந்த தண்ணீரை உள்ளே இருந்த தண்ணீர் டப்பாவில் ஊற்றிக்கொண்டு, விளக்கையே முறைத்தபடி ஊர்ந்து ஊர்ந்து வீடு வந்து சேர்ந்தாள். "லேபுக்குப் பக்கத்துலயே லைட்டு எரிஞ்சிருச்சுங்க. அதான் லேட்டு" என்று செருப்பைக் கழற்றும்போதே சொல்லிவிட்டாள். அவர் ஒன்றும் கேட்பதற்கு முன்பே சொன்னாள்.

மறுநாள் காலையில் வெறுங்காலோடு போர்ட்டிகோவுக்குப் போனவர் அங்கேயே நின்றுவிட்டார். "அம்சா, இங்க வா" என்று கூப்பிட்டார். அவர் காலடியில் ஈரம். குனிந்து விரலில் தொட்டு, கட்டை விரலோடு சேர்த்துத் தேய்த்து, மூக்குப் பக்கம் கொண்டுபோனார். "இது மழைத்தண்ணி இல்ல. வழுவழுன்னு இருக்குது, தித்திப்பா வாசம் வருது. என்ன கலரு?" என்று கேட்டார். பச்சை என்றாள். "கூலன்ட்டு. ரேடியேட்டர் பக்கம் எங்கயோ ஒழுகுது." அதைச் சொன்னபோது அவர் முகம் இருந்ததே, அதை அவள் பார்த்து வெகு நாளாகிவிட்டது. கடையில் உட்கார்ந்திருக்கிறபோது இருக்கும் முகம். எவனாவது எரிந்துபோன மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்து வைத்ததும் மேலே கையை வைத்தே என்ன ஆயிற்று என்று சொல்லிவிடுகிற முகம். ஒழுகினாலும் பரவாயில்லை, தினம் ஒன்று ஒழுகட்டும் என்றுகூட அவளுக்கு ஒரு நொடி தோன்றியது. அந்த முகம் அப்புறம் மாறிற்று. "எங்கயோ கல்லுமேல ஏத்தியிருக்கற." இல்லை என்றாள். "எங்கயோ குழியில எறக்கியிருக்கற. எனக்குத்தான் தெரியாதே, நீ எங்க போற எங்க வர்றன்னு." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். இவள்தான் துணி எடுக்கிற சாக்கில் வீட்டுக்குள் போய்விட்டாள். அப்போதே சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் அன்றைக்கே சாவி போயிருக்கும். பிறகு லேபுக்கு டவுன் பஸ், ஆஸ்பத்திரிக்கு ஆட்டோ, ஆட்டோக்காரன் அவர் கையைப் பிடித்து மூட்டையை ஏற்றுகிற மாதிரி ஏற்றுவான். சாவி இவளுக்கு மட்டும் வேண்டுமா, அவருக்கும்தானே. இல்லை, பொய், இவளுக்கு வேண்டும். அந்த ரோட்டில் தோள் இறங்கிய அந்த நேரம் மறுபடி வேண்டும்.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இப்போது இரண்டு பேர் சேர்ந்து வண்டியின் முன்பக்கத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார்கள். பம்பர் தனியாக வந்து தரையில் உட்கார்ந்தது. மூக்கை எடுத்த முகம் மாதிரி இருந்தது வண்டி. அதைப் பார்த்ததும் அவளுக்கு வேறொரு கவலை வந்தது, அந்தத் திருஷ்டிக் கயிறு எங்கே? கறுப்புக் கயிற்றில் சங்கும் படிகாரமும் கோத்து முன் கிரில்லில் கட்டியிருந்ததே, அதைத் தூக்கி எறிந்துவிடப் போகிறார்கள். வண்டி வீட்டுக்கு வந்ததும் அவர் முதலில் அதைத்தான் தடவிப் பார்ப்பார். அவர் கட்டியது அது. காங்கேயத்தில் ஒரு கல்யாணம். மண்டபத்து வாசலில் இவள் வண்டியைப் பின்னால் எடுத்து நிறுத்திவிட்டு இறங்கி, சுற்றி வந்து அவர் பக்கக் கதவைத் திறந்தாள். கல்யாணத்துக்கு வந்த ஒறம்பரை சனம் அத்தனை பேரும் பந்தலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவருடைய பெரிய மாமன் ஒருத்தர், "என்ன மாப்ள, இப்ப நீதான் கிளீனரா?" என்று கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விடச் சத்தமாகச் சிரித்தவர் இவர்தான். வரும்போது வழி முழுக்க ஒரு கியர்கூடச் சொல்லவில்லை. அடுத்த நாள் காலையில் பழைய கடைச் சாமான் டப்பாவைத் துழாவிக் கட்டுக்கம்பியும் பிளேயரும் எடுத்துக்கொண்டு போர்ட்டிகோவில் மண்டி போட்டு உட்கார்ந்துவிட்டார். கயிற்றைக் கிரில்லுக்குள் விட்டு வாங்கிக் கம்பியால் முறுக்கினார். "வண்டிக்குக் கண்ணு படக்கூடாதுன்னா?" என்று இவள் சிரித்தாள். "வண்டிக்கில்ல. உனக்கு" என்றார். முறுக்கி முடித்து, கம்பியின் முனையை விரலால் தேடிப் பிடித்து உள்பக்கமாக மடக்கிவிட்டார். மேலே உள்ளங்கையை வைத்துத் தேய்த்துப் பார்த்துக்கொண்டு, "வண்டி கழுவறப்போ உன்ற கையக் கிழிச்சுப்போடும். இப்ப ஒண்ணும் பண்ணாது" என்று எழுந்தார். கைப்பைக்குள் போன் நடுங்கியது. வீட்டிலிருந்துதான். அவள் எடுக்கவில்லை. என்ன சொல்வது, சோதனையில் என்றா.

"மேடம், ஒரு நிமிஷம் உள்ள வாங்க" என்று நந்தகோபால் கதவைத் திறந்துகொண்டு கூப்பிட்டான். எழுந்தபோது கால் மரத்திருந்தது. உள்ளே ஆயில் வாசனையும் வெக்கையும். வண்டியை இறக்கி வைத்திருந்தார்கள். கழற்றிய இடத்தில் ஓரமாக டார்ச் அடித்துக் காட்டினான். சல்லடை மாதிரி ஒன்று, அதன் விளிம்பில் மிளகு அளவுக்கு ஒரு பொத்தல், சுற்றிலும் பச்சையாகக் காய்ந்த கறை. "லீக்கு இதுதானுங்க. ரேடியேட்டரு." சொல்லிவிட்டு நிறுத்தினான். "பார்ட்டுல பழுது இல்லீங்க. நீங்க ஓட்டுனதுலயும் ஒண்ணும் இல்லீங்க. மெஷின் போட்டுப் பாத்துட்டோம். சூடு ரொம்ப ஏறுறதுக்குள்ள நிறுத்தியிருக்கீங்க, இல்லாட்டி இன்ஜினே போயிருக்கும். இதப் பாருங்க, இதுதான் காரியத்தக் கெடுத்திருக்குது." இன்னொரு கையை நீட்டினான். கறுப்புக் கயிறு, சங்கு, பாதி கரைந்த படிகாரம், நீளமாக ஒரு கம்பி. "கம்பியோட வால உள்பக்கமா மடக்கி உட்டிருக்காங்க. அது அப்படியே சந்துல போயி இதுமேல முட்டிட்டு இருந்திருக்குது. வண்டி ஓட ஓட உரசி உரசி ஓட்டையாயிருச்சுங்க. யாருங்க கட்டுனது? எங்க பசங்களால அவுக்கவே முடியல, வெட்டித்தான் எடுத்தோம்." அவள் அதைக் கையில் வாங்கிக்கொண்டாள். "வெளிப் பொருள்னால வந்ததுங்கறதால வாரண்டில வராதுங்க மேடம். புதுசு மாத்தித்தான் ஆகோணும். சாரு வேற எனக்கு ரெண்டு தடவ கூப்பிட்டாரு. மேடமே சொல்லுவாங்கன்னு சொல்லிட்டேன்." மாற்றச் சொல்லிவிட்டு அவள் பழையபடி கண்ணாடிக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தாள். டிவியைப் பார்த்தாள். இன்னும் சோதனையில் என்றுதான் இருந்தது.

முதலில் வந்தது சந்தோஷம்தான், வெட்கம் கெட்ட சந்தோஷம். என் தப்பு இல்லை. நான் கல்லில் ஏற்றவில்லை, குழியில் இறக்கவில்லை, நேரத்தோடு நிறுத்தினேன். மெஷினே சொல்லிவிட்டது. பெரிய மாமனைக் கூப்பிட்டு மைக் வைத்துச் சொல்ல வேண்டும் போலிருந்தது. அந்தச் சந்தோஷம் ஒரு வாய் காபி குடிக்கிற நேரம்கூட நிற்கவில்லை. கையில் அந்தக் கம்பி இருந்தது. முறுக்கு ஒவ்வொன்றும் ஒரே அளவு. கண்ணில்லாமல் முறுக்கியது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். உன்ற கையக் கிழிச்சுப்போடும். இவள் கையைக் கிழிக்கக் கூடாது என்று அது உள்ளே போய்க் கிழித்திருக்கிறது. இதை எப்படி அவரிடம் சொல்வது? சொன்னால் இனி பிளேயரைத் தொடுவாரா? காலையில் எழுந்து போர்ட்டிகோவுக்குப் போய் வண்டியைத் தடவித் துடைப்பாரே, அதைச் செய்வாரா? அவருக்கென்று வீட்டில் மிச்சம் இருக்கிற வேலை அது ஒன்றுதான். கல் அடித்தது என்று சொல்லலாம். அப்படிச் சொன்னால் அவர் மனசு தப்பிக்கும், சாவி தப்பிக்காது. இரண்டும் தப்பிக்க ஒரு வழி இருந்தது. கம்பெனியே மாற்றிக் கொடுத்துவிட்டது, பார்ட்டில்தான் கோளாறாம் என்று சொல்லிவிடலாம். செலவைத் தன் சம்பளத்தில் கட்டிக்கொள்ளலாம். கயிறு எங்கே என்று கேட்டால் கழற்றும்போது தொலைத்துவிட்டார்கள், விடுங்க, வேறு வாங்கிக் கட்டலாம். யாருக்கும் ஒரு நஷ்டமும் இல்லை. கேட்கிறவர்கள் எல்லாம் நல்ல பெண்சாதி என்றுதான் சொல்வார்கள். வாக்கியத்தைக்கூட மனசுக்குள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள், நன்றாக வந்தது. ரொம்ப நன்றாக வந்தது, பழகின வாய் அல்லவா. கோயமுத்தூர் கண்ணாஸ்பத்திரியில் டாக்டர் இவளை மட்டும் வெளியே கூப்பிட்டு, போனது போனதுதான், இருக்கிறதைக் காப்பாற்றப் பார்க்கலாம் என்று சொன்ன அன்றைக்கும் இப்படித்தான் நன்றாக வந்தது. "ஊசி போட்டாக் கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பி வருமாமுங்க." அவர் நம்பினார். தினமும் விடிந்ததும் வாசலில் நின்று உள்ளங்கையை முகத்துக்கு நேரே பிடித்துப் பார்ப்பார். மழைக்காலம் முழுக்கப் பார்த்தார். ஒரு தடவை ஊசிக்குப் போனபோது அங்கிருந்த நர்ஸ் தெரியாமல் உண்மையை உடைத்துவிட்டாள். அவர் சத்தம் போடவில்லை. அன்று ராத்திரி சாப்பிடும்போது தட்டில் கையை வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார், "கண்ணு போனது போகட்டும் அம்சா. இனி நீ சொல்றதுதான் நான் பாக்கறது. அதையும் பொய்யாக்கிப்போடாத." அதற்கு அப்புறமும் இவள் திருந்தினாளா? பிரிட்ஜுக்கு முன்னால் போய் நிற்கிறாள். லேபுக்குப் பக்கத்தில் லைட் எரிந்தது என்கிறாள். பொய் இல்லாமல் ஒரு நாள் போனதா என்று யோசித்தாள், ஒன்றும் அகப்படவில்லை. போன் மறுபடி நடுங்கியது.

"என்னாச்சு?" என்றார். பின்னால் ரேடியோ இல்லை, நிறுத்திவிட்டிருந்தார்.

"ரேடியேட்டர்ல ஓட்டைங்க. வாரண்டில வராதுன்னுட்டாங்க."

"அப்ப உன்ற பேர்லதான்."

"இல்லீங்க." போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினாள். முன்னே போனில் யாரையோ திட்டிக்கொண்டிருந்தவர்கூட ஓய்ந்துவிட்டார். இப்போதும் மாற்றிக்கொள்ளலாம், அந்த நல்ல வாக்கியம் நாக்கு நுனியிலேயே இருந்தது. "நீங்க கட்டுனீங்கல்ல கயிறு. கம்பி முனைய உள்ள மடக்கி உட்டீங்கல்ல. அது போயி உரசியிருக்குதுங்க."

வைத்துவிட்டாரோ என்று போனைப் பார்த்தாள், வைக்கவில்லை. கட்டை விரலையும் ஆள்காட்டி விரலையும் தேய்த்துக்கொண்டிருப்பார், கம்பி இருக்கிற மாதிரி. அது அவளுக்கு இங்கிருந்தே தெரிந்தது. பாவி, சொல்லிவிட்டாயே என்று தன்னையே திட்டிக்கொண்டாள்.

"உன்ற கையக் கிழிக்குமேன்னுதான்..." என்றார்.

"தெரியுமுங்க." அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் அவர் குரல் இறங்கியிருந்த அந்தப் பள்ளத்தில் அவரை மட்டும் விட்டுவிட்டு வர அவளுக்கு மனம் வரவில்லை. "நானும் ஒண்ணு சொல்லோணும். லைட்டு எரிஞ்சது லேபுகிட்ட இல்லீங்க. வாய்க்கா ரோட்டுல."

"அங்க எதுக்குப் போன?"

"சும்மாதானுங்க. தனியா ஓட்டோணும்னு இருந்துச்சு."

வித்துப்போடலாம் என்று சொல்லப்போகிறார். சொல்லட்டும். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் பம்பரைத் தூக்கிக்கொண்டு இருவர் வந்தார்கள். கைப்பைக்குள் கையை விட்டாள். வண்டியை விடும்போது ஒரு சாவியை அவர்கள் வாங்கிக்கொண்டார்கள், மாற்றுச் சாவி உள்ளேயே இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்லா இருந்துச்சா?" என்று கேட்டார்.

"இருந்துச்சுங்க."

"ம்." தொண்டையைச் செருமினார். "அந்தக் கயித்தப் போட்டுட்டு வந்துறாத. எடுத்துட்டு வா. கண்ணாடிகிட்ட எங்காச்சும் கட்டிக்கலாம். முனை எங்க போகுதுன்னு நீ பாத்துச் சொல்லு, நான் முறுக்கறேன்."

சரி என்று தலையை ஆட்டிவிட்டுப் புறங்கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். அது அவருக்குக் கேட்டிருக்கும், அந்தக் காதுக்கு எது கேட்காது. அவர் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. வைக்கவும் இல்லை.

"வாய்க்கால்ல தண்ணி உட்டுட்டாங்களா?"

"உட்டுட்டாங்க. ரெண்டு கரையும் தொட்டுட்டுப் போகுதுங்க."

"என்ன கலரு?"

அவள் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றைக்கு விளக்கைப் பார்க்காமல் தண்ணீரைத்தான் பார்த்துக்கொண்டு போனாள், அதனால் எல்லாம் ஞாபகம் இருந்தது. அவசரப்படாமல், ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொல்ல வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

"செம்மண் கலருங்க" என்று ஆரம்பித்தாள்.